ஹெஸ்டர் ஃபாக்ஸால் கேட்ட ஒரு வாளி ஈஸ்ட்

ஹெஸ்டர் ஃபாக்ஸால் முப்பத்தாறு வருஷம் பியர் காய்ச்சினார். செவ்வாய்க்கிழமை விடிந்தால் ‘மூன்று சுத்தியல்’ பப்பின் பின்கட்டிலிருந்து முளைகட்டிய பார்லியான மால்ட் ஊறும் வாசனை கிளம்பிவிடும். காயப்போட்ட துணியில் அந்த வாசனை ஏறிக்கொள்ளும் என்பதால் கோபர்ன் மேட்டில் எல்லா வீட்டிலும் திங்களன்றே துவைத்து முடித்துவிடுவார்கள். இன்றைக்கு எல்லா வீட்டிலும் துவைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. திங்கள்கிழமை வழக்கம் மட்டும் மாறவில்லை.

மேடு முழுக்க அப்போது சங்கிலி அடிக்கிறவர்கள். கப்பல் நங்கூரத்துக்கான பெரிய சங்கிலிகளைப் பட்டறைகளில் ஆண்கள் அடித்தார்கள். சின்னக் கண்ணிகளை வீட்டுக் கொல்லையிலிருந்த உலைகளில் பெண்கள் அடித்தார்கள். உலைக்கு முன் நின்று உடம்பிலிருக்கும் தண்ணீரையெல்லாம் வியர்வையாக விட்டவர்களுக்கு, திரும்ப ஏற்றிக்கொள்ள பியர் வேண்டியிருந்தது. அந்தத் தேவையைக் கண்டுகொண்டவர் ஹெஸ்டரின் கொள்ளுத்தாத்தா எலைஜா ஃபாக்ஸால். அவரும் சங்கிலி அடித்தவர்தான். 1868இல் துணி துவைக்கும் அறையில் ஒரு கொப்பரையை வைத்துக் காய்ச்ச ஆரம்பித்தார். ஆறு வருஷத்தில் பின்கட்டில் மூன்றடுக்குச் செங்கல் கட்டடம் எழுந்தது. கிணற்று நீரை உச்சிக்கு ஏற்றுவார்கள். நடு அடுக்கில் மால்ட் ஊறும். கீழே செப்புக் கொப்பரையில் கசப்பேற்றும் ஹாப்ஸ் பூவோடு கொதிக்கும். அகலமான தட்டுகளில் ஆறிய சாறு நொதிக்கும் தொட்டிக்குப் போகும். அதன் பிறகு பீப்பாய், அதற்கும் கீழே நிலவறை. ஏற்றுகிற வேலை தண்ணீருக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் தானாக இறங்கிக்கொள்ளும்.

ஹெஸ்டர் பிறந்தது 1921இல். ஐந்து வயதிலேயே தொட்டிக்குள் இறங்கி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவும் வேலை அவருக்கு வந்தது. வீட்டில் அந்த வாய்க்குள் நுழையக்கூடிய உடம்பு அவருடையது மட்டும்தான். அப்பா ஜேபஸ் அதிகம் பேச மாட்டார். போர்க்காலத்தில் அவருடைய முதுகு விட்டுப்போனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை ஹெஸ்டரே முழுவதையும் காய்ச்சி முடித்தார். அடுத்த வாரமும் காய்ச்சினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. குடிக்க வந்தவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

1946 அக்டோபரில் ஜேபஸ் இறந்தார். உயிலில் பப்பில் பாதியை மகளுக்கும் மறுபாதியைத் தம்பி ஏனோக்குக்கும் எழுதியிருந்தார். ஏனோக் சங்கிலிச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். அடித்து முடித்த சங்கிலியை இயந்திரத்தில் பூட்டி இழுத்து, தாங்குகிறதா என்று பார்த்து முத்திரை அடிப்பது அவர் தொழில். மெதடிஸ்ட் சபையில் பதினேழு வயதில் சத்தியம் செய்துகொடுத்த நாளிலிருந்து ஒரு சொட்டு மது தொட்டதில்லை. பியரின் ருசி என்ன என்பதே அவருக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் நகரத்தின் பெரிய பியர் கம்பெனி ஒன்று எங்கள் பள்ளத்தாக்கிலிருந்த பப்புகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்தது. வாங்கிய கையோடு காய்ச்சும் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள். பலகையில் பழைய பெயர் இருக்கும், குழாயில் கம்பெனி பியர் வரும். அவர்களுடைய ஆள் ஏனோக்கையும் வந்து பார்த்தார்.

“வித்துடாதீங்க சித்தப்பா,” என்றார் ஹெஸ்டர்.

“நான் குடிக்கிறவன் இல்லம்மா. எனக்கெதுக்கு இந்த எடம்? அவங்க நியாயமாத்தான் பேசறாங்க.”

“இங்க வாரா வாரம் காய்ச்சறோம். அவங்க வந்தா அது நின்னுடும்.”

ஏனோக் தேநீரைக் கலக்கிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார்.

“சரி, ஒண்ணு சொல்றேன். நெலவறைக்குள்ள நம்ம பியர் எறங்கற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஊரான் பியர் ஒரு பீப்பா எறங்கட்டும், அன்னிக்கே போட்டுடுவேன். எங்க அண்ணன் பேரைப் பலகையில எழுதி வெச்சுக்கிட்டு எவனோ காய்ச்சினதை ஊத்தி விக்கிறதுக்கு, ஒரேயடியா வித்துடலாம். அதுலயாவது பொய் இல்ல.”

“எறங்காது சித்தப்பா.”

“பார்க்கலாம்,” என்றார் ஏனோக். அவர் சங்கிலியைப் பார்த்துச் சொல்வதும் அதே வார்த்தைதான்.

ஜனவரிக் கடைசியில் பனி விழ ஆரம்பித்தது. அந்த 1947ஆம் வருஷப் பனியைப் பற்றி இங்கே எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும். ரயில் நின்றது, நிலக்கரி வரவில்லை, பகலில் மின்சாரம் கிடையாது. மால்ட்டையும் அரசாங்கம் அளந்து கொடுத்த காலம். பிப்ரவரி இரண்டாம் செவ்வாய்க்கிழமைக்கு ஹெஸ்டரிடம் சரியாக ஒரு தடவை காய்ச்சுவதற்கான மால்ட் இருந்தது. அடுத்த பங்கு வரப் பதினைந்து நாளாகும். நிலவறையில் மிஞ்சியிருந்தது இரண்டு பீப்பாய். கொப்பரைக்கு அடியில் போடக் கரியே இல்லை.

விஷயம் தெரிந்து, திங்கள் மாலை சங்கிலி அடிக்கும் கெசியா தள்ளுவண்டியோடு வந்து நின்றார். பத்து வயதில் சுத்தியல் பிடித்து, இந்த ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் கீழே வைக்காதவர். கையைப் பார்த்தாலே தெரியும். வண்டி நிறைய உலைக்கரி. பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு கூடையோடு வந்துகொண்டிருந்தார்கள்.

“இது உங்க உலைக்காச்சே கெசியாக்கா.”

“இரும்பே வரல, உலையை எரிச்சு நான் குளிர் காயவா? பேசாம எடுத்துக்கோ புள்ள. நீ காய்ச்சலைன்னா சனிக்கிழமை நான் எம் புருஷன் முகத்தை வீட்டுல உக்காந்து பார்க்கணும். என்னால ஆகாது.”

செவ்வாய் அதிகாலை ஹெஸ்டர், சாறை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டைப் பார்க்கப் போனார். போன வாரத்து நுரையிலிருந்து வழித்த ஈஸ்ட்டை இரண்டு வாளிகளில் வைப்பது வழக்கம்: ஒன்று நிலவறைக் கல்மேடையில், மற்றது அவசரத்துக்குக் கிணற்றடியில். கிணற்றடி வாளி உறைந்து வெடித்துக் கிடந்தது. நிலவறை வாளியின் மேலும் மெல்லிய பனித்தோல் படர்ந்திருந்தது. இதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் ஹெஸ்டர் வாளிக்குக் கோணி சுற்றி, மேலே கொண்டுவந்து, கொப்பரை அடுப்பின் செங்கல் சுவரை ஒட்டி வைத்தார். நிலக்கரித் தீயாக இருந்தால் அந்தச் சுவர் பூனை படுக்கிற சூட்டில்தான் இருக்கும். உலைக்கரி இரும்பைப் பழுக்கக் காய்ச்சுவதற்கானது. அது ஹெஸ்டருக்குத் தெரியாத விஷயம் அல்ல. அந்த நேரத்தில் அவர் யோசித்ததெல்லாம் பனியைப் பற்றி மட்டும்தான்.

பதினொரு மணிக்குச் சாறு ஆறித் தொட்டிக்கு வந்துவிட்டது. கோணியைப் பிரித்தபோது ரொட்டி வெந்த வாசனை வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் களி மாதிரி ஏதோ அடியில் படிந்திருந்தது. ஹெஸ்டர் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர் விட்டு அதில் ஒரு கரண்டி போட்டுப் பார்த்தார். கால் மணி நேரம் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை.

ஈஸ்ட் சேராத சாறு அதிகம் போனால் ஒரு நாள் தாங்கும். அதற்குள் காற்றிலிருக்கும் கண்டதும் அதில் குடியேறிப் புளித்துவிடும். புளித்தால் சாக்கடைக்குத்தான். அப்புறம் பதினைந்து நாளைக்கு வெளிப் பீப்பாய் வாங்காமல் கதவைத் திறக்க முடியாது.

கரிக்கூடையைத் திரும்ப எடுக்க வந்த கெசியா கிண்ணத்தைப் பார்த்தார்.

“செத்துப்போச்சா?”

“ம்.”

“ரொட்டிக் கடையில கேளேன்.”

“ரொட்டி ஈஸ்ட் போட்டா ரொட்டியைத்தான் குடிக்கணும்.”

கெசியா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே மேட்டின் அடிவாரத்தில் ‘திராட்சைக் கொடி’ பப்பின் புகைபோக்கி தெரிந்தது.

“காலேப் கடை தொறந்துதான் இருக்கு.”

“தெரியும்.”

“எறங்கினா பத்து நிமிஷம்.”

“தெரியும்னு சொன்னேன்ல.”

கெசியா போன பிறகு ஹெஸ்டர் ஏற்கெனவே கழுவிய தட்டுகளை எடுத்து மறுபடி கழுவினார். அதற்குப் பிறகு ஏணியைத் துடைத்தார். இரண்டு மணி நேரம் இப்படிப் போனது.

காலேப் ட்ரோமன்ஸும் ஜேபஸும் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. எல்லாம் ஒரு புறாவால் வந்த வினை. 1928இல் பிரான்ஸிலிருந்து விட்ட பந்தயத்தில் காலேப்பின் நீலப் பெண்புறா மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தது. வந்தது தன் கூண்டுக்குப் போகாமல் மூன்று சுத்தியலின் கூரையில் உட்கார்ந்துகொண்டது. கூண்டுக்கு வந்து, காலில் கட்டிய வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டியில் போட்டால்தான் கணக்கு. காலேப் கீழே நின்று தகர டப்பாவை ஆட்டி ஆட்டிக் கூப்பிட, அது பதினோரு நிமிஷம் இறங்கவில்லை. கோப்பை வேறொருவருக்குப் போயிற்று. ஜேபஸ் பட்டாணி தூவிப் புறாவை அங்கேயே பிடித்து வைத்தார் என்று காலேப் சொன்னார். ஜேபஸ் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஈஸ்ட்டுக்கு ஒரு முறை உண்டு. அதை யாரும் விற்பதில்லை. பகையாளி கேட்டாலும் மறுப்பதில்லை. கேட்பவர் காய்ச்சுகிறவராகவே இருக்க வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது. பப்பில் ஆட்கள் இருக்கும் நேரத்தில், எல்லார் காதிலும் விழும்படி கேட்க வேண்டும். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் ஈஸ்ட் மந்தமாகிவிடும் என்பார்கள். அடுத்த முறை காய்ச்சியதும் அதே வாளியை நிரப்பித் திருப்பித் தர வேண்டும்.

ஒரு மணிக்கு ஹெஸ்டர் புது வாளி ஒன்றை வெந்நீரில் கழுவி எடுத்துக்கொண்டு மேட்டை விட்டு இறங்கினார்.

திராட்சைக் கொடியில் மதியக் கூட்டம். வேலை இல்லாததால் வழக்கத்தைவிட அதிகம் பேர். பட்டாணியும் பன்றிக்கறியும் வேகிற மணம். பெண்கள் பொதுவாக நுழையாத முன்கூடம் அது. ஹெஸ்டருக்கு அப்படிப்பட்ட கூடம் பழக்கம்தான், ஆனால் கவுன்டருக்கு உள்பக்கத்திலிருந்து. வாளியோடு கவுன்டருக்கு வெளியே வந்து நின்றபோது பேச்சு ஒவ்வொரு மேசையாக அடங்கியது.

“மிஸ்டர் ட்ரோமன்ஸ், என் ஈஸ்ட் செத்துப்போச்சு. ஒரு வாளி வேணும்.”

கணப்பு ஓரமிருந்து ஒரு கிழவர், “என் காதுல விழலியே, முறைப்படி எல்லாருக்கும் விழணும்ல?” என்றார். கூடம் சிரித்தது.

ஹெஸ்டர் திரும்பி அவரைப் பார்த்து, “என் ஈஸ்ட் செத்துப்போச்சு. ஒரு வாளி வேணும்,” என்றார், இன்னும் உரக்க.

“எப்படிச் செத்துச்சு?” என்று கேட்டார் காலேப்.

“உறைஞ்சிடும்னு பயந்து அடுப்போரம் வெச்சேன். வெந்துபோச்சு.”

“ஃபாக்ஸால் வீட்டுல ஈஸ்ட்டையும் கறியோட சேத்து வேக வெச்சுடுவாங்கடா,” என்றது ஒரு மேசை.

“சிரிக்காதீங்கடா. உங்கள்ல எவனாவது ஒரு கிளாஸ் தண்ணியாச்சும் காய்ச்சியிருக்கீங்களா?” என்றார் காலேப்.

கணப்போரக் கிழவர் விடவில்லை. “குடுக்கிறதைக் குடு காலேப், நான் வேணாங்கல. ஆனா புள்ளயே வாசல் தேடி வந்திருக்கு. அந்தப் பட்டாணி சங்கதியைக் கேட்டுடு.”

“ஈஸ்ட்டுக்கு விலை கேக்கக் கூடாது.”

“இதுல விலை எங்க இருக்கு? நாங்களும் பத்தொன்பது வருஷமா பந்தயம் கட்டி வெச்சிருக்கோம்ல.”

காலேப் கவுன்டரைத் துடைத்தார். அவர் கேட்க மாட்டார் என்பது ஹெஸ்டருக்குத் தெரிந்தது. கேட்காமலே வாளியை நிரப்பிக் கொடுத்தனுப்புவார். அப்படி வாங்கிக்கொண்டு போவது ஹெஸ்டருக்குச் சரியாகப் படவில்லை.

“அப்பா போட்டார்,” என்றார் ஹெஸ்டர். “பட்டாணி டப்பாவை எடுத்துக் குடுத்ததே நான்தான். எனக்கு ஏழு வயசு. புறா அழகா இருந்துச்சு, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு நெனச்சேன். அப்பா என்ன நெனச்சார்னு எனக்குத் தெரியாது. அவர் கடைசி வரைக்கும் சொல்லல.”

கணப்போரக் கிழவர் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினோரு நிமிஷம்,” என்றார் காலேப், தனக்குத் தானே சொல்வது போல. பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். “வாளியைக் கொண்டா.”

பின்கட்டில் அவருடைய தொட்டி நுரை கட்டி நின்றது. அகலக் கரண்டியால் மேல் நுரையை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்த கெட்டியான வெள்ளை ஈஸ்ட்டை வழித்து வாளியில் போட்டார். ஹெஸ்டர் வாளியைச் சாய்த்துப் பிடித்தார். இரண்டு பேருக்கும் எப்போது சாய்க்க வேண்டும், எப்போது நிமிர்த்த வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இவன் பசிக்காரப் பய,” என்றார் காலேப். “இனிப்பை மிச்சம் வெக்க மாட்டான். கசப்பு தூக்கலாத் தெரியும். ஹாப்ஸ் நெறையப் போட்டுட்டியோ?”

“எப்பவும் போடறதைப் போட்டுட்டேன்.”

“அப்ப உன் பாடு. கொஞ்சம் சூடு கம்மியாவே வெச்சுக்கோ. முதல் ரெண்டு நாள் தாண்டிக் குதிப்பான், பயந்துடாத.”

வாசலில் ஹெஸ்டர் வாய் திறக்கவும் காலேப் ஒரு விரலை உயர்த்தினார். “சொல்லாத. கெட்டுடும்.”

மூன்று மணிக்கு ஈஸ்ட் தொட்டிக்குள் போனது.

ஆறு மணிக்கு ஏனோக் வந்துவிட்டார். அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டால் அவர் காதுக்கு வராமலா இருக்கும். தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, நொதிக்கும் தொட்டியின் பக்கத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

“நான் சொன்னது நெனப்பிருக்கா?”

“ஊரான் பியர் எறங்கக் கூடாதுன்னு சொன்னீங்க. இது நம்ம கொப்பரையில காய்ச்சினது.”

“ஈஸ்ட் ட்ரோமன்ஸோடது. அதுதானே சாறைப் பியராக்குது? நீயே சின்ன வயசுல எனக்குச் சொல்லியிருக்கே. அண்ணன் இருந்தா அதைக் கையால தொட்டிருப்பாரா?”

“தொட்டிருக்க மாட்டார்,” என்றார் ஹெஸ்டர். “மொத்தத்தையும் சாக்கடையில ஊத்தியிருப்பார். அப்புறம் கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருப்பார்.”

ஏனோக்குக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார்.

“எனக்கு ருசி தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லட்டும். நீ பீப்பா தொறக்கற அன்னிக்கு வர்றேன். நம்ம பியர்னு ஆச்சுன்னா சரி. இல்லேன்னு ஆச்சுன்னா என்கிட்ட அந்தக் காகிதம் இருக்கு. நான் வார்த்தை மாறுறவன் இல்ல, உனக்குத் தெரியும்.”

ஹெஸ்டருக்குத் தெரியும். ஏனோக் தன் சொந்த மச்சான் அடித்த சங்கிலியையே திருப்பி அனுப்பியவர்.

காலேப் சொன்னபடியே புது ஈஸ்ட் தாண்டிக் குதித்தது. நுரை தொட்டி விளிம்பைத் தாண்டி வழிய, ஹெஸ்டர் இரண்டு நாள் துடைத்துக்கொண்டே இருந்தார். மிச்சமிருந்த இரண்டு பீப்பாயை ஆளுக்கு அரை பைண்ட் என்று அளந்து ஓட்டினார். யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லாருடைய கரியும் அந்தத் தொட்டியில் இருந்தது.

பதினோராம் நாள், சனிக்கிழமை மதியம், முதல் பீப்பாயைத் திறந்தார்கள். ஏனோக் சபைக்குப் போகும் கறுப்புக் கோட்டில் வந்தார். அவருக்குப் பின்னால் காலேப் ட்ரோமன்ஸ், தொப்பியைக் கையில் பிடித்தபடி. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டுகிறார். கூடத்தில் நிற்க இடமில்லை.

“நான்தான் கூப்பிட்டேன்,” என்றார் ஏனோக். “இது அவரோட பியரா இல்லையான்னு அவர்தானே சொல்ல முடியும்?”

ஹெஸ்டர் முதல் கோப்பையைக் காலேப்புக்கு ஊற்றினார். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், பாதியை ஒரே மூச்சில் குடித்தார்.

“என்னோடது இல்ல,” என்றார். “என் பியர் நாக்குல வழுக்கிக்கிட்டுப் போவும். இது பிடிச்சு நிறுத்துது. இது இந்த மேட்டுக் கெணத்துத் தண்ணி, சத்தியமா. எனக்கும் இந்தத் தண்ணி கெடைச்சா நல்லாத்தான் இருக்கும்.”

கூடத்தில் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. ஏனோக் கையை உயர்த்தினார்.

“இன்னும் முடியல. கெசியா, நீ சொல்லு. இது எங்க அண்ணன் பியரா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ருசி தெரியாத மனிதர் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். கூடத்தில் இருந்த எல்லாருடைய கண்ணும் கெசியாவிடம் அதைத்தான் கேட்டன. கெசியா மெதுவாகக் குடித்தார். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“இல்ல,” என்றார்.

“ஏய் கெசியா, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?” என்றார் அவர் கணவர்.

“நீ சும்மா இருய்யா. கேட்டார், சொல்றேன். பியர் விஷயத்துலயே பொய் சொன்னா, அப்புறம் எதுலதான் உண்மை பேசறது? ஜேபஸ் பியர் முடியறப்ப இனிக்கும். இது இனிக்கல. கசப்புல போய் நிக்குது.”

“நல்லா இல்லையா?” என்று கேட்டார் ஏனோக்.

“நல்லா இல்லேன்னு எப்பய்யா சொன்னேன்? ஹெஸ்டர், இன்னொண்ணு ஊத்து.”

ஹெஸ்டர் ஊற்றினார்.

ஏனோக் கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். “தண்ணி யாரோடது?”

“நம்ம கெணறு,” என்றார் ஹெஸ்டர்.

“மால்ட்?”

“நம்ம பங்கு.”

“கரி?”

“எங்களோடது,” என்றார்கள் நாலைந்து பேர் ஒன்றாக.

“ஈஸ்ட்?”

“மிஸ்டர் ட்ரோமன்ஸோடது.”

ஏனோக், சபையில் பிரசங்கம் செய்யும் குரலில் இல்லாமல், வேலை முடிந்து வருகிறவரின் குரலில் பேசினார்.

“சோதனைக் கூடத்துல ஒரு சங்கிலியைப் பூட்டி இழுக்கறோம். ஒரு கண்ணி அறுந்துடுது. அதுக்காக மொத்தச் சங்கிலியையும் தூக்கிப் போடறமா? அறுந்ததை வெட்டிட்டு வேற கண்ணி வெச்சு அடிப்பாங்க. அதை அடிச்சவன் எந்தப் பட்டறைன்னு நான் கேக்கறதில்ல. மறுபடி பூட்டி இழுப்பேன். நின்னுச்சுன்னா அதே நம்பரைத்தான் அடிப்பேன். கடல்ல கப்பல்காரன் அந்த நம்பரை நம்பித்தான் நங்கூரம் போடறான்.” கெசியா பக்கம் திரும்பினார். “நீங்க இழுத்துப் பார்த்தாச்சு. நிக்குதா?”

கெசியா இரண்டாவது கோப்பையைக் காலி செய்து கவுன்டரில் வைத்தார்.

“நிக்குது.”

ஏனோக் கோட்டின் உள்பையிலிருந்து கம்பெனிக் காகிதத்தை எடுத்து ஹெஸ்டரிடம் நீட்டினார். “கொப்பரை அடுப்புக்கு ஆகும். கரிதான் பத்தாக்குறையாச்சே.” பிறகு தனக்கு ஒரு தேநீர் கேட்டார். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கு மால்ட் வந்தது. ஹெஸ்டர் காய்ச்சினார், வாளியை நிரப்பினார், மேட்டை விட்டு இறங்கித் திராட்சைக் கொடியில் வைத்துவிட்டு வந்தார். ஹாப்ஸைக் குறைத்து ஜேபஸின் ருசிக்குத் திரும்பலாமே என்று சிலர் கேட்டார்கள். ஹெஸ்டர் குறைக்கவில்லை. இப்போது மேட்டில் பிறந்த யாருக்கும் அந்தக் கசப்புதான் பியர். வேறு எங்கே குடித்தாலும் சர்க்கரைத் தண்ணீர் என்பார்கள்.

ஏனோக் 1958இல் தன் பாதியை ஹெஸ்டருக்கே எழுதிவைத்தார். ஹெஸ்டர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டு பேரும் காய்ச்சுகிற நாளில் வந்து கேட்டுத் தொலைத்தார்கள். காலேப்பின் பிள்ளைகள் திராட்சைக் கொடியைக் கம்பெனிக்கு விற்றபோது அங்கே காய்ச்சுவது நின்றது. அதற்கு முந்தைய வாரம் காலேப், எண்பது வயதில், தடி ஊன்றி மேடேறி வந்து ஹெஸ்டரின் தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவருடைய பசிக்காரப் பயல் இன்றும் மூன்று சுத்தியலில்தான் இருக்கிறான்.

1979இல் ஏணி ஏற முழங்கால் ஒத்துக்கொள்ளாதபோது ஹெஸ்டர் காய்ச்சுவதை விட்டார். கெசியாவின் பேத்தி எடுத்துக்கொண்டாள். அதன் பிறகும் பதினாறு வருஷம் ஹெஸ்டர் கவுன்டருக்குப் பின்னால் உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பழைய பப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் நகரத்திலிருந்து வருவார்கள். நாடு முழுக்க இப்படி நான்கைந்துதான் மிஞ்சியிருக்கின்றன என்று சொல்லி, ‘1868 முதல் தடையின்றி’ என்று எழுதிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். ஹெஸ்டர் அவர்கள் கையைப் பிடித்து நிறுத்துவார்.

“தடையின்றின்னு போடாதீங்க. நாப்பத்தேழுல நாலு மணி நேரம் நின்னுச்சு. ஈஸ்ட் வாங்கிக் கொண்டாந்து போட ரெண்டு மணி நேரம். அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் என் வீம்பு. அதையும் சேத்து எழுதுங்க.”